பைபர் படகில் போல்ட் ஆடினால்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் முறை

எங்கள் பட்டறைக்கு வருகிற பைபர் படகுக்காரர்கள் அதிகம் சொல்வது இதுதான்: "அண்ணே, இன்ஜின் போல்ட் நிக்க மாட்டேங்குது, நல்லா முறுக்கிக் குடுங்க." ஆரம்ப வருடங்களில் நானும் முறுக்கிக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து நாளில் அதே படகு, அதே போல்ட், முன்னைவிடப் பெரிய ஆட்டத்தோடு திரும்பி வந்தது. இரும்பு வேலையில் பழகிய கை என்னுடையது. இரும்பில் இறுக்கினால் பிடித்துவிடும். பைபரில் போல்ட் ஆடினால் கோளாறு பெரும்பாலும் நட்டில் இல்லை, ஓட்டையில் இருக்கும். அதைப் பார்க்காமல் ஸ்பேனரைப் போட்டால் மிச்சமிருக்கும் பைபரும் நொறுங்கும்.

சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பரவிய சிறிய பைபர் படகுகளை வைத்தே எழுதுகிறேன். பின்பலகை என்று நான் சொல்வது படகின் பின்முனையில், கடையால் பக்கம், வெளி இன்ஜின் மாட்டுகிற பலகையை. உள்ளே பிளைவுட், இரு பக்கமும் பைபர் தோல். அதில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட், அலுமினியம் அல்லது இரும்பு பிராக்கெட்.

கையில் வேண்டியது அதிகமில்லை: ஒரு நாணயம், டார்ச், வெர்னியர் (விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி), பெயிண்ட் மார்க்கர், கூர்மையான 3 மிமீ டிரில் பிட். பைபர் தேய்த்தால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். பைபர் இழையைப் பிடிக்கிற பிசினான ரெசினை இறுக வைக்க ஊற்றும் ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்த நொடியே நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு நேரே கண் மருத்துவரிடம் போங்கள். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும்.

அறிகுறி 1: நட்டு திரும்பத் திரும்ப லூசாகிறது

முதலில் ஒரு சோதனை. இருக்கிற இறுக்கத்தில் நட்டின் முகத்திலிருந்து வாசர் வழியாகப் பைபர் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரே நேர்க்கோடு இழுங்கள். படகை ஒரு நாள் தொழிலுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் கோட்டைப் பாருங்கள்.

*கோடு முறிந்திருக்கிறது, நட்டு திரும்பியிருக்கிறது.* இது எளிய கோளாறு. நைலான் வளையம் வைத்த நட்டைப் பலமுறை கழற்றி மாட்டினால் பிடிப்புப் போய்விடும். கையாலேயே கடைசி வரை சுற்ற முடிகிறது என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதைப் போடுங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளுக்குள்ளேயே முடிந்தால் போல்ட் நீளம் போதவில்லை, நைலான் கடிக்கவே இல்லை என்று அர்த்தம். சாதா நட்டு என்றால் மேலே இன்னொரு நட்டு போட்டு, ஒன்றைப் பிடித்து ஒன்றை முறுக்கிப் பூட்டுங்கள்.

*கோடு அப்படியே நேராக இருக்கிறது, ஆனால் போல்ட் ஆடுகிறது.* நட்டு குற்றவாளி இல்லை. கீழே இருக்கும் பொருள் அமுங்கியிருக்கிறது. இங்கேதான் எல்லோரும் இன்னும் ஒரு சுற்று முறுக்கித் தப்பு செய்கிறார்கள். வாசரைக் கழற்றி அடியில் பாருங்கள்.

வாசர் உட்கார்ந்த இடத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் வாசர் சிறியது. போல்ட்டோடு கடையில் தரும் வாசர் இரும்புக்கானது. பைபருக்கு வாசரின் வெளிவிட்டம் போல்ட்டைப் போல மூன்று மடங்காவது வேண்டும். இன்ஜின் மாட்டும் இடத்தில் அதுவும் போதாது. இரண்டு போல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி 6 மிமீ அலுமினியப் பட்டையோ, 4 மிமீ எஸ்எஸ் பட்டையோ உள்பக்கம் கொடுங்கள். பட்டையின் முனைகளை உருட்டிவிடுங்கள். கூர் முனை தோலை வெட்டும்.

வாசருக்கும் பைபருக்கும் நடுவே தடித்த பெயிண்ட், பழைய சீலன்ட் (கசிவு அடைக்கப் பூசும் பசை) அடை இருந்தாலும் இதே நடக்கும். அது அமுங்க அமுங்க இறுக்கம் குறையும். சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள்.

இது எதுவும் இல்லை, இறுக்கும்போது ஸ்பேனருக்கு எதிர்ப்பே ஏறாமல் நட்டு போய்க்கொண்டே இருக்கிறது, வாசர் கிண்ணம் மாதிரி குழிகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது. அறிகுறி 4-க்குப் போங்கள்.

அறிகுறி 2: ஓட்டை நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது

போல்ட்டை உருவிவிட்டு வெர்னியரால் ஓட்டையை மேல்-கீழாக ஒரு அளவு, இடம்-வலமாக ஒரு அளவு எடுங்கள். கண்ணுக்கு வட்டமாகத் தெரிவதை நம்பாதீர்கள். வெர்னியர் இல்லாவிட்டால் அடுத்தடுத்த சைஸ் டிரில் பிட்டின் மழமழப்பான தண்டை விட்டுப் பாருங்கள்.

இதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் மரை. கடையில் முழு மரை போல்ட் மலிவாகக் கிடைக்கிறது, எந்த நீளத்துக்கும் ஒத்துவரும். ஆனால் ஓட்டைக்குள் மரை உட்கார்ந்தால், படகு ஒவ்வொரு அலைக்கும் குதிக்கும்போது அந்த மரை அரம் மாதிரி பைபரை அறுக்கும். உருவின போல்ட்டைப் பாருங்கள்: மரையின் பள்ளங்களில் வெள்ளையாக மாவு அடைத்திருந்தால் அது உங்கள் படகின் பைபர்தான். பலகை கனத்துக்கு மழமழப்பான தண்டு வருகிற அரை மரை போல்ட்டை வாங்குங்கள். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், ஆனால் அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு.

அடுத்த காரணம் ஆரம்பத்திலேயே பெரிதாகப் போட்ட ஓட்டை. 12 மிமீ போல்ட்டுக்கு 14 மிமீ ஓட்டை போட்டால் மாட்டச் சுலபம். இரும்புச் சட்டத்தில் அது பெரிய குற்றமில்லை. பைபரில் நான் 12.5 போடுவேன், 13-ஐத் தாண்ட மாட்டேன். நான்கு போல்ட்டில் ஒன்று மட்டும் ஓட்டையைத் தொட்டு மற்றவை சும்மா நின்றால் முழுப் பாரமும் அந்த ஒன்றின் மேல்தான். இரும்பு கொஞ்சம் வளைந்துகொடுத்துப் பாரத்தைப் பங்கு போடும். பைபர் வளைந்துகொடுக்காது, நொறுங்கும்.

மூன்றாவது, ஓரத்துக்கு மிக அருகில் போட்ட ஓட்டை. ஓட்டையின் நடுவிலிருந்து விளிம்பு வரை இரும்பிலும் அலுமினியத்திலும் போல்ட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும். பைபரில் மூன்று மடங்கு, அதாவது 12 மிமீ போல்ட்டுக்கு 36 மிமீ. ஓட்டைக்கு ஓட்டை நடு இடைவெளி பைபரில் நான்கிலிருந்து ஐந்து மடங்கு. இது இல்லாவிட்டால் எதை நிரப்பினாலும் மறுபடி கிழியும், போல்ட்டையே இடம் மாற்ற வேண்டும்.

பழுது நீக்குவது இப்படி. இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், ஓட்டையை அசிட்டோன் துணியால் துடைத்து, எபாக்சியில் (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) பொடி நறுக்கிய பைபர் இழையும் ஏரோசிலும் (பிசினைக் கெட்டியாக்கும் மெல்லிய பொடி) பசை பதத்துக்குக் கலந்து உள்ளே தடவி, இறுகியதும் சரியான பிட்டால் மறுபடி போடுங்கள். வித்தியாசம் 1 மிமீ தாண்டினால் தடவுவது நிற்காது. ஓட்டையை 20, 22 மிமீக்குப் பெரிதாக்கி, நொறுங்கிய பைபர் முழுவதையும் வெளியேற்றி, எபாக்சிப் பசையால் முழுசாக அடைத்து, ஒரு நாள் விட்டு நடுவில் புதிதாகத் துளையுங்கள். சாக்பவுடர் கலந்த பட்டறைப் பேஸ்ட்டால் அடைக்காதீர்கள். அது மேடு பள்ளம் மறைக்கத்தான் ஆகும். போல்ட் பாரத்தில் பிஸ்கெட்டாக உதிர்ந்துவிடும்.

அடுத்த சைஸ் போல்ட் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். அலுமினிய பிராக்கெட்டில் ஓட்டை நீண்டால் அது சரியான வழிதான், விளிம்பு தூரம் மிச்சமிருந்தால். பைபரில் அதே தூரக் கணக்கு இன்னும் கெடுபிடியானது. 36-க்குப் பதில் 42, 48 மிமீ இருக்கிறதா என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி 3: ஓட்டையைச் சுற்றி வெளுத்திருக்கிறது, அடுக்கு விட்டிருக்கிறது

நாணயத்தின் விளிம்பால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே வெளியே நகருங்கள். நல்ல பைபர் "டிக் டிக்" என்று கெட்டியாகப் பேசும். அடுக்கு விட்ட இடம் "பொத் பொத்" என்னும். சத்தம் மாறும் புள்ளிகளை மார்க்கரால் குறித்து இணைத்தால் சேதத்தின் வரைபடமே கிடைத்துவிடும். கலர் போடாத ஒற்றைத் தோல் என்றால் இருட்டிய பிறகு மறுபக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விட்ட இடம் மேகம் மாதிரி தெரியும்.

வெளுப்பு வாசருக்கு அடியிலேயே அடங்கி, சத்தமும் கெட்டியாக இருந்தால் எபாக்சி தடவி மூடிவிட்டு விட்டுவிடலாம். பெரும்பாலும் இது துளைத்தபோதே வந்த காயம்: மழுங்கிய பிட், பின்பக்கம் கட்டை கொடுக்காமல் அழுத்தியது. பிட் வெளியே வரும் நொடியில் கடைசி அடுக்கைத் துளைக்காமல் தள்ளிவிடும். மறுபக்கம் மரக்கட்டையை இறுக்கிப் பிடித்து, வேகம் கூடுதலாகவும் அழுத்தம் குறைவாகவும் வைத்தால் இது வராது. ஜெல்கோட் (பைபரின் வழவழப்பான மேல்பூச்சு) பக்கம் தொடங்கும்போது டேப் ஒட்டி, முதல் சில சுற்று டிரில்லை எதிர்த்திசையில் சுற்றவிட்டால் ஓரம் பெயராது.

தலை உள்ளே அமுங்குகிற ஸ்க்ரூவுக்காகக் குழித்த ஓட்டையில் வெளுப்பு இருந்தால் குழியின் ஆழத்தைப் பாருங்கள். தோல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குழி போயிருந்தால் மிச்சம் நிற்பது கத்தி முனை மாதிரி ஒரு விளிம்புதான். அங்கே தட்டைத் தலை போல்ட்டுக்கு மாறுங்கள்.

"பொத்" சத்தம் வாசரைத் தாண்டி வெளியே ஓடினால் தேய்த்தெடுத்துப் புது மேட் (பைபர் இழை விரிப்பு) போட வேண்டும். ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 12 மிமீ சரிவு விட்டுத் தேய்க்க வேண்டும். 5 மிமீ தோலுக்குச் சுற்றிலும் 60 மிமீ. செங்குத்தாகக் குழி வெட்டி அதில் மேட் திணிப்பது வெறும் ஒட்டுதான், விளிம்பில் பிரிந்துவிடும். இந்தச் சரிவுத் தேய்ப்பில் பழக்கமில்லாதவர்கள் மோல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் முறை தேய்ப்பவர் நல்ல பைபரையும் தின்றுவிடுவார்.

அறிகுறி 4: போல்ட் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிகிறது

மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் பயப்படுவேன். கரையில் ஏற்றி இரண்டு நாள் ஆன படகு, வெயிலில் காய்ந்து கிடக்கிறது. ஆனாலும் கீழ் போல்ட்டுக்கு அடியில் டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு கோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது கடல் தண்ணீர் மட்டும் இல்லை, பிளைவுட்டின் சாறும் சேர்ந்தது. முகர்ந்தால் புளித்த வாடை வரும்.

எளிய காரணம், சீலன்ட் இல்லாமல் மாட்டியது, அல்லது குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கான் போட்டது. வினிகர் வாடை அடிக்கிற அந்த வகை உலோகத்தையும் அரிக்கும். தண்ணீர்மட்டத்துக்கு அருகில் படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். அதையும் வெளித்தோலில் போல்ட் தலைக்கு அடியில் போட வேண்டும். உள்பக்கம் மட்டும் பூசினால் தண்ணீர் மரத்துக்குள் போன பிறகு தடுக்கிறீர்கள்.

எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அறிய உள்பக்கத்திலிருந்து, போல்ட்டுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, 3 மிமீ பிட்டால் மரம் வரை மட்டும் துளையுங்கள். வெளித்தோலைத் தொடக்கூடாது, பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரும் தூளை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். வெளிர் நிறத்தில் சுருள் சுருளாக உலர்ந்து வந்தால் நல்ல மரம். கறுத்து, பிசுபிசுத்து, விரலால் நசுக்கினால் ஈரம் விட்டால் போய்விட்டது. அங்கிருந்து நாலு விரல், ஒரு சாண் என்று தள்ளித் தள்ளித் துளைத்து உலர்ந்த தூள் எங்கே வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

போல்ட்டையும் உருவிப் பாருங்கள். எஸ்எஸ் துருப்பிடிக்காது என்று நம்பி இருந்துவிடுவோம். ஈர மரத்துக்குள் காற்று கிடைக்காத இடத்தில் எஸ்எஸ் தன் காப்பை இழந்துவிடும். ஒரு படகில் நான் உருவின போல்ட்டின் தலை பளபளத்தது, நட்டுப் பக்கம் பளபளத்தது, நடுவில் மட்டும் மென்று துப்பிய கரும்பு மாதிரி பாதியாக மெலிந்திருந்தது. சுத்தியலால் ஒரு தட்டு, இரண்டாக விழுந்தது. அதில்தான் இன்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கசிவு என்று யார் வந்தாலும் எல்லா போல்ட்டையும் உருவாமல் நான் விடுவதில்லை. மாற்றும்போது எஸ்எஸ் ரகத்தில் 304-க்குப் பதில் 316 வாங்குங்கள். உப்புத் தண்ணீரைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஈர மரத்துக்குள் அதுவும் நிரந்தரமில்லை.

ஈரம் ஓட்டையைச் சுற்றி நாலு விரலுக்குள் நின்றால் நீங்களே செய்யலாம். வெளித்தோலை விட்டுவிட்டு, உள்பக்கத் தோலையும் மரத்தையும் மட்டும் 25 மிமீ ஹோல்சாவால் (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் ரம்பம்) வெட்டி எடுங்கள். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்றிலும் ஊறிய மரத்தைக் குடைந்து வெளியேற்றுங்கள். பிறகு காய விடுங்கள். ஒரு வெயில் போதாது, படகை நிழற்கூரைக்கு அடியில் வைத்து, தினமும் குழிக்குள் விரல் விட்டுப் பார்த்து, வாரக்கணக்கில்கூட ஆகலாம். காயாமல் அடைத்தால் ஈரத்தைச் சிறை வைத்ததுதான் மிச்சம். காய்ந்ததும் முதலில் நீர்த்த எபாக்சியை மரத்தில் தடவுங்கள், அது உறிஞ்சிய பிறகு பசையை இரண்டு தவணையாக நிரப்புங்கள். ஒரே தடவையில் கொட்டினால் சூடேறிப் புகைந்து வெடிப்பு விடும். இறுகியதும் நடுவில் போல்ட் ஓட்டை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, எபாக்சிக் குழாய்தான். சீலன்ட் நாளை விட்டாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. புதுப் படகிலேயே ஓட்டைகளை இப்படிப் போட்டுக் கொடுத்தால் பாதிப் படகுகள் என் பட்டறைக்கு வர வேண்டியிருக்காது.

ஆள் கூப்பிட வேண்டிய எல்லை: ஈரம் ஒரு சாணைத் தாண்டினால், அல்லது இரண்டு போல்ட்டின் ஈரம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால். இன்னொரு சோதனையும் உண்டு. இன்ஜினைத் தண்ணீரில் இறங்கிய நிலையில் வைத்து, ஒருவர் இன்ஜின் காலின் அடிமுனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க, நீங்கள் பின்பலகையின் இரு மூலைகளையும் பாருங்கள். பலகை மூச்சு விடுவது போல அசைந்தாலோ, மூலையில் விரிசல் திறந்து மூடினாலோ முழுப் பின்பலகையையும் அறுத்துக் கட்ட வேண்டும். செலவு அதிகம், தெரியும். ஆனால் அதற்குள் ஒரு முறைகூட அந்தப் படகைக் கடலில் இறக்காதீர்கள்.

அறிகுறி 5: ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்புகிறது

*பைபரில்:* மெல்லிய நட்சத்திர விரிசல் ஜெல்கோட்டோடு நிற்கலாம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஜெல்கோட் போனதும் விரிசல் மறைந்தால் மேல்பூச்சு மட்டும்தான், தொட்டு மூடுங்கள். அடியில் இழை வெளுத்துத் தெரிந்தால் அறிகுறி 3. ஓட்டையிலிருந்து விளிம்புவரை இரண்டு இணைகோடாகக் கிழிந்திருந்தால் அது விளிம்பு தூரம் போதாத ஓட்டை. அடைத்துவிட்டு வேறு இடத்தில் போடுங்கள்.

*பிராக்கெட்டில்:* அழுக்கா விரிசலா என்று சந்தேகமாக இருந்தால் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து வெள்ளைப் பொடி அடிக்கிற சோதனை கிட் வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். வெள்ளையில் சிவப்புக் கோடு எழுந்தால் விரிசல்தான். விரிசல் முனையில் சிறு துளை போட்டு நிறுத்துவது கரை சேர்வதற்கான தற்காலிக வழி. முனை எங்கே முடிகிறது என்று சரியாகப் பார்த்துத் துளைக்காவிட்டால் அதுவும் வீண். ஒரே வரிசையில் இரண்டு ஓட்டையில் விரிசல் கண்டால் பிராக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள். 1988-இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் பயணிகள் விமானம் ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்ந்தது இப்படித்தான்: வரிசையாக இருந்த ரிவிட் ஓட்டைகளில் கிளம்பிய குட்டி விரிசல்கள் கைகோத்துக்கொண்டன. அலுமினிய பிராக்கெட்டை வெல்டு வைத்தால் அந்த இடம் பலம் குறையும். டிக் வெல்டிங் நன்கு தெரிந்தவரே, பின்னால் பட்டை கொடுத்துச் செய்ய வேண்டும். முடிந்தால் புதிதே வாங்குங்கள்.

அறிகுறி 6: அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, போல்ட் கழலவில்லை

எஸ்எஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும், வெள்ளைப் பொடி அதன் சாம்பல். இடையில் நைலான் வாசரும் போல்ட் தண்டில் சீலன்ட்டும் கொடுங்கள். இறுகிய போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்து, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் கழற்றுங்கள். எஸ்எஸ் நட்டு எஸ்எஸ் போல்ட்டில் பாதி வழியில் பற்றிக்கொண்டால் அது துரு இல்லை, மரை ஒன்றோடொன்று உருகி ஒட்டியது போன்ற நிலை. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்த முறை மரையில் ஆன்டி-சீஸ் (மரை பற்றிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவி, இம்பாக்ட் கன் (வேகமாக முறுக்கும் மெஷின்) இல்லாமல், கையால் மெதுவாக மாட்டுங்கள்.

ரிவிட் தலையைச் சுற்றி கறுப்புக் கோடு வழிந்திருந்தால் அந்த ரிவிட் உள்ளே ஆடி உலோகத்தை அரைத்துக்கொண்டிருக்கிறது. துளைத்தெடுத்து, ஓட்டையை அளந்து, அடுத்த சைஸ் ரிவிட் போடுங்கள். வரிசையில் மூன்று நான்கு இப்படி இருந்தால் இணைப்பு முழுவதையும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

மாட்டும்போது

சீலன்ட் வைத்த போல்ட்டை ஒரேயடியாக இறுக்கினால் சீலன்ட் முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஓரத்தில் மெல்லிய வளையமாகப் பிதுங்கும் வரை இறுக்கி, ஒரு நாள் விட்டு, போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கால் சுற்று இறுக்குங்கள். தலை திரும்பினால் பிடித்த சீலன்ட் அறுந்துவிடும். பிறகு அறிகுறி 1-இல் சொன்ன பெயிண்ட் கோட்டை எல்லா நட்டுக்கும் இழுத்துவிடுங்கள். முதல் தடவை கடலுக்குப் போய் வந்ததும் ஒரு பார்வை, ஒரு வாரம் கழித்து ஒரு பார்வை, அதன் பிறகு மாதம் ஒரு முறை.